நாற்பத்தொன்றாம் கேமரா

லென்ஸ் இல்லை அம்மிணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் பேசிவிட்டுக் கடைசியில் கிழவன் கையை விரித்துவிட்டான் என்று பிறகு சொல்லக் கூடாது.

புதுசு இல்லை. பழசு இல்லை. கீறல் விழுந்தது, ஓரம் பெயர்ந்தது, அதுவும் இல்லை. மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்தேன் என்றால் நான் என்ன செய்ய? போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போட்டீர்களா? யாரும் எடுக்கவில்லையா? எடுக்க மாட்டார்கள். போனெல்லாம் ரஞ்சிதம் பார்த்துக்கொண்டது. என் வீட்டுக்காரி. ஆவணியில் போய்விட்டாள்.

சரி, சரி. அந்த முகத்தை மாற்றுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் இதே முகத்தைத்தான் வைக்கிறார்கள்.

பைக்குள் என்ன? என் இருபத்தேழாம் லென்ஸா? கொடுங்கள், பார்க்கலாம். ம். இது சிங்கப்பூர்க்காரன் ஒருத்தனுக்குப் போனது. உங்களுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நன்றாக வைத்திருக்கிறீர்கள். பூஞ்சை பிடிக்கவில்லை. மூடி போட்டே வையுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, செய்து முடித்த லென்ஸ் யாரையும் ஒன்றும் செய்யாது. அரைக்கும்போதுதான். அதற்கு வருகிறேன்.

எப்படிச் செய்தீர்கள் என்கிறீர்கள். மற்ற லென்ஸில் முகம் வெட்டி ஒட்டின மாதிரி விழுகிறது, இதில் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி விழுகிறது என்கிறீர்கள். நன்றாகத்தான் பேசுகிறீர்கள். போனை எடுத்து நீட்டினால் அதுவே படம் பிடித்து, அதுவே பவுடரும் பூசித் தருகிற காலம் இது. இதில் ஃபிலிம் மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒரு படத்துக்கு அரைமணி நேரம் செலவழிக்கிற கிறுக்குகள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்களா? அந்த ஆயிரம் பேருக்குத்தான் நான் செய்தேன். இந்த ஆவாரம்பாளையத்தில் எல்லாரும் லேத்தில் பம்புக்கு உருப்படி கடைகிறார்கள். நான் கேமரா கடைந்தேன். பித்தளை வளையம் நான். ஷட்டர் நான். மரப்பெட்டி நான். கண்ணாடிக்கு வளைவு எவ்வளவு, தடிமன் எவ்வளவு, அந்தக் கணக்கு முழுக்க நான். வளையத்தில் பேரைப் பாருங்கள். குப்புராஜ், கோயமுத்தூர். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் ஃபிலிம் கேமராவைக் கைவிட்ட பிறகு, தனி ஆளாக நாற்பத்தொன்பது.

கண்ணாடி தேய்த்தது மட்டும் ரஞ்சிதம். அது கைவேலை.

கைவேலை என்றால் என்ன என்று கேட்பீர்கள். கண்ணாடி வில்லையைப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, பவுடரும் தண்ணியும் விட்டு, எட்டுப் போடுகிற மாதிரித் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்புப் பவுடர், பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு. ஒரு வில்லைக்கு ஆறு நாள். ஒரு லென்ஸுக்கு நாலு வில்லை. தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி சூடாகும். சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். ஆறிவிட்டதா என்று தெரிய அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். விரல் காய்த்துப்போச்சு, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பாள். "இன்னும் கோவமா இருக்குதுங்க, கொஞ்ச நேரம் விட்டுப்போடுங்க" என்பாள். கண்ணாடியைத்தான் சொல்கிறாள். என்னைச் சொல்கிறாளோ என்று நான் ஒரு நிமிஷம் பார்ப்பேன்.

நானும் தேய்த்துப் பார்த்தேன். மூன்று வில்லை. மூன்றும் நடுவில் குழி விழுந்து வீணாகப் போனது. எனக்குப் பொறுமை கிடையாது. கணக்குப் போடுகிறவனுக்கு அது வேண்டியதும் இல்லை.

கண்ணாடி நல்ல கண்ணாடி. அதைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றொன்றில் ஒரு ஏலத்தில் எடுத்தேன். ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளம், விமானத்திலிருந்து படமெடுக்க என்று வார்த்த வில்லைகள். நாலு மரப்பெட்டி. அதிரசம் அளவு, லேசாகத் தேன் நிறம். பெட்டிமேல் சிவப்பில் ஏதோ அச்சடித்திருந்தது. எனக்கு எண் போட இடம் வேண்டும், இழைப்புளி வைத்து இழைத்துவிட்டேன். வெளிச்சத்தை அப்படி வளைக்கிற கண்ணாடி இன்றைக்குக் கிடைக்காது. ரிப்பேர்க் கடை வைத்திருந்த காலம் முழுக்க அந்தப் பெட்டிகள் சும்மாதான் கிடந்தன. டிஜிட்டல் வந்து ரிப்பேர் படுத்ததும் எடுத்துப் பிரித்தேன். பதினைந்து வருஷம் ஆகிறது.

பவுடர் வெளியூரிலிருந்து வர வேண்டும். வீணாக்க முடியுமா? தேய்த்து வந்த சேற்றை மொட்டை மாடியில் காயவைத்து, நொறுக்கி, துணியில் சலித்தால் பாதிக்குமேல் திரும்பக் கிடைக்கும். அது என் யோசனை. இந்த யோசனை வெளிநாட்டில்கூட யாருக்கும் வரவில்லை. ரஞ்சிதம் சலிப்பாள். பழைய நூல் சேலையைக் கிழித்துக் கட்டிச் சலிப்பாள். இறங்கி வரும்போது புருவம், இமையெல்லாம் வெளுத்திருக்கும். "கண்ணாடியில பாத்தேனுங்க. எங்காத்தா வந்து நிக்கறா" என்பாள்.

இதற்குள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

பங்குனியில் நாற்பத்தொன்றாம் கேமரா திரும்பி வந்தது. கோட்டயத்துக்காரர், மத்தாயி என்று பேர். காலேஜில் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் ஒரு கழுவின ஃபிலிம், கூடவே இங்கிலீஷில் இரண்டு பக்கக் கடிதம். ஃபிலிமை மாட்டி எட்டு மாசம் எடுக்காமல் வைத்துவிட்டாராம். கழுவிப் பார்த்தால் நடுவில் வட்டமாகப் புகை மூட்டம். சரி, வெளிச்சம் புகுந்திருக்கிறது, சரிபண்ணிக் கொடு என்று எழுதினால் மனுஷன். இவர் எழுதுகிறார்: இது வெளியிலிருந்து வந்த வெளிச்சம் மாதிரித் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடி சிலதில் தோரியம் என்று ஒன்றைக் கலப்பார்கள், அதிலிருந்தே கதிர் வரும், உங்கள் கண்ணாடி அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த லென்ஸால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அரைக்கிறவர் அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. உங்களிடத்தில் அரைப்பது யார்?

அரைப்பது யார். கேள்வியைப் பார்த்தீர்களா? லென்ஸில் பேர் இருக்கிறது, படிக்கத் தெரிகிற வாத்தியார், அரைப்பது யார் என்கிறார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மாடிக்குப் போய் ரஞ்சிதத்துக்குப் படித்துக் காட்டினேன். அவள் சலித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா சேதியை. கண்ணாடிக்குள்ள இருந்தே வெளிச்சம் வருதாம்."

"அப்படியும் இருக்குமுங்களா?"

"மண்ணாங்கட்டி. வாத்தியாருக்குப் பொழுது போகலை."

"படிச்சவரு எழுதறாரு. ஒருக்கா யாரையாவது கேட்டுப்போடலாமுங்க."

"யாரைக் கேக்கறது? என்னைவிட இந்தக் கண்ணாடியப் பத்தி எவனுக்குத் தெரியும்?"

"அதுஞ்சரி." கொஞ்ச நேரம் சலித்தாள். பிறகு, "அப்ப சலிக்கறதை நிறுத்திப்போடட்டுங்களா?" என்றாள்.

"நிறுத்திட்டு? அம்பது ஆகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போது நாற்பத்தாறு முடிந்திருந்தது. ஐம்பது ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நாற்பத்தாறு கேமரா செய்தவன் என்றால் யார் காதிலும் ஏறாது. ஐம்பது என்றால் ஏறும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், நீங்களும் கலைக்காரர்தானே.

அவளுக்கும் ஐம்பதில் ஆசைதான். "அம்பதாவதுல எம்பேரையும் வெட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"வளையத்துல இடமில்லை."

"கோயமுத்தூரை எடுத்துப்போட்டா இடம் வருமுங்களே."

வாய் அப்படி. முப்பத்தெட்டு வருஷம் அந்த வாயோடு குடித்தனம் நடத்தினேன்.

இருமல் போன ஐப்பசியிலிருந்தே இருந்தது. எனக்கும் இருமல் உண்டு. இந்தத் தெருவில் இருமாதவன் யார்?

மத்தாயி சொன்னது பொய் என்று காட்ட வேண்டும். அதற்கு ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். புகை விழுந்தால் வெளிச்சம் புகுந்திருக்கிறது, வெளிச்சம் புகுந்தால் ஓட்டை இருக்கிறது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓட்டை எங்கே இருக்கும்? லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கிறதே, பெல்லோஸ், அதில்தான் இருக்கும். மரத்தில் இருக்காது, மரம் நான் செய்தது. பெல்லோஸ் ஒட்டித் தைத்தது ரஞ்சிதம்.

சொன்னேன். முகத்துக்கு நேராகவே சொன்னேன். "உன் தையல்தான் சரியில்லை."

பிரித்துத் தைத்தாள். உள்ளே பல்பைப் போட்டு, ஜன்னலையெல்லாம் அடைத்து, இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஊசிமுனை வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. மறுபடி பிரி என்றேன். மறுபடி தைத்தாள். அந்தப் பசை வாசனை அவளுக்கு ஆகாது, இருமி இருமி ஒட்டினாள். மூன்றாம் தடவை புதுத் தோலே வாங்கிக் கொடுத்தேன். குறை சொல்லக் கூடாது, தோலுக்கெல்லாம் நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

புதுப் பெல்லோஸ் போட்டு, புது ஃபிலிம் மாட்டி, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். நாற்பது நாள். எடுத்துக் கழுவினால் லேசாக, நடுவில், வட்டமாகப் புகை.

பீரோவில்தான் ஓட்டை என்று முடிவு பண்ணினேன். அம்மிணி, இப்போது நீங்கள் பார்க்கிற பார்வையை அவளும் பார்த்தாள். பீரோவைச் சுற்றி நாலு மடிப்புக் கறுப்புத் துணி கட்டினேன். கட்டிலிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றாள். "ஏனுங்க, இருட்டுக்குள்ள வெளிச்சம் தேடற ஒரே ஆளு நீங்கதானுங்க" என்றாள்.

"நீ தைச்ச லட்சணத்துக்குத்தான் தேடறேன்."

"தேடுங்க தேடுங்க. கிடைச்சா எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

பீரோவைச் சோதிக்க இந்தத் தடவை கேமராவே வைக்கவில்லை. பிரிக்காத ஃபிலிம் பெட்டி ஒன்று, கடையில் வாங்கினது, கறுப்புக் காகிதத்துக்குள் சுற்றி ஒட்டினது. அதை உள்ளே போட்டேன். மீதி இருந்த கண்ணாடி வில்லைகளும் அதே பீரோவில்தான். இடம் போதவில்லை, மூன்று வில்லையை எடுத்து ஃபிலிம் பெட்டிமேலேயே வைத்தேன். பூட்டினேன். மறுபடி நாற்பது நாள்.

அதற்குள் வைகாசியில் அவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் நல்ல மனுஷன், நாற்பது வயசு இருக்கும். முதுகில் வைத்துக் கேட்டார், படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவளிடம்தான் கேட்டார். நான் சொன்னேன். "வீட்டுலதாங்க இருக்கறா."

"மில்லுல, பஞ்சுல எதாவது? கல்லு உடைக்கற இடம், தூசி, அந்த மாதிரி?"

"இல்லீங்க. வீட்டு வேலைதான்."

"விறகடுப்பா?"

"கேஸுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் என்ன தப்பு? வேலை என்றால் என் வேலை. பட்டறை என்னுடையது, லைசென்ஸ் என் பேரில். அவள் கூடமாட ஒத்தாசை. எல்லா வீட்டிலும் பெண்டுகள் கூடமாடச் செய்யத்தான் செய்கிறார்கள். அதையெல்லாம் டாக்டரிடம் விரித்துக்கொண்டிருப்பார்களா? அதோடு, சொன்னால் அவர் கண்ணாடியைக் கேட்பார். கண்ணாடியைக் கேட்டால் அந்த வாத்தியார் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். ஒரு நாளில் போய்விடும், நாற்பத்தேழு கேமராவின் பேர்.

ஆமாம், நாற்பத்தேழு. பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில் ஒன்று முடிந்தது. ஆனிக்குள் நாற்பத்தெட்டும் முடிந்தது. ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுப்பது, அதற்கெல்லாம் தேதி கொடுத்திருந்தார்கள். தேதி இல்லாத நாளில் அவள் தேய்த்தாள். நான் தேய் என்று சொல்லவில்லை. தேய்க்காதே என்றும் சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

ஆனி பத்தாம் தேதி பீரோவைத் திறந்தேன். இருட்டறையில் வைத்து ஃபிலிமைக் கழுவினேன். கழுவி விளக்கைப் போட்டால், மூன்று வட்டம். புகை இல்லை அம்மிணி. மேஜையில் காப்பி டம்ளர் வைத்த தடம் மாதிரி, ஓரம் சுத்தமாக, கறுப்பாக, மூன்று வட்டம். வில்லையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வில்லையில் ஓரம் சின்னதாகப் பெயர்ந்திருந்தது. ஃபிலிமிலும் அந்த இடத்தில் பெயர்ந்திருந்தது.

ஓட்டை கிடைத்துவிட்டது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன். மறுநாள், "சலிக்க வேண்டாம், பவுடர் போதும்" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "கிடைச்சுதுங்களா?" என்றாள். "என்னது?" என்றேன். "தேடினீங்களே" என்றாள். நான் லேத்தைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

நாற்பத்தொன்பதுக்குக் கடைசி வில்லை பாதியில் இருந்தது. அதை அவள் முடித்தாள். ஒன்றுதானே. ஒன்றால் என்ன ஆகிவிடும்?

நான் ஒன்றும் கல்மனசுக்காரன் இல்லை. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். டாக்டரிடம் முடிவு கேட்கப் போகிற அன்றைக்கு, ஸ்கேன் படங்களோடு அந்த ஃபிலிமையும் அதே உறைக்குள் வைத்துக்கொண்டேன். காட்டிவிடலாம். காட்டி, இந்த மாதிரிக் கண்ணாடி, இந்த மாதிரி இவள் அரைத்தாள், பதினைந்து வருஷம் என்று சொல்லிவிடலாம். ஆட்டோவில் போகும்போது மனசுக்குள் வாக்கியம் கூட அமைத்து வைத்திருந்தேன்.

உள்ளே போனோம். டாக்டர் உறையை வாங்கினார். ஒவ்வொன்றாக உருவி, சுவரில் இருக்கிற விளக்குப் பலகையில் செருகினார். நாலாவதாக வந்தது என் ஃபிலிம்.

பளிச்சென்று வெளிச்சம். அதில் மூன்று கறுப்பு வட்டம்.

அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இது எந்த லேப்ல எடுத்தது? இது இவங்களோடதா?" என்றார். குரலே மாறிவிட்டது அவருக்கு.

நான் வாயைத் திறந்தேன். அமைத்து வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சுவரில் அந்த வட்டம் மூன்றும் என்னைப் பார்க்கிறது. அவ்வளவு பெரிய வெளிச்சத்தில் அதுவரை நான் பார்க்கவில்லை. என் கணக்கு, நாற்பத்தொன்பது லென்ஸ், எல்லாம் அதில் தெரிந்தது.

"கேமரா ஃபிலிமுங்க. தப்பா வந்துருச்சு. கெட்டுப்போனது" என்றேன். "வெளிச்சம் புகுந்துருச்சு."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையை வாயோடு பிடித்துக்கொண்டு. எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஆமாங்க டாக்டர். என் தையல்தான் சரியில்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். உருவி என்னிடம் கொடுத்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மற்ற மூன்று படத்தையும் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நுரையீரலில் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்க மூணு மாசமாச் சொன்னதைத்தானுங்களே நானும் சொன்னேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. டாக்டர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். அப்படிப்பட்ட பொம்பளை. இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் அப்படி?

ஆவணி நாலாம் தேதி போனாள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மத்தாயி வந்து நின்றார். கேமராவை வாங்கிப் போக வந்தவர். வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினவர், உள்ளே வந்து உட்கார்ந்தார். நானே அந்த ஃபிலிமை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குப்புராஜ் சாரே, அரைச்சது அவங்கதானோ?"

"கூடமாட."

"ஆஸ்பத்திரியில பறஞ்சீங்களா?"

"அவங்க கேக்கலை" என்றேன்.

கேட்டார்கள். உங்களிடம் சொல்கிறேன், அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் இனி வரப்போவதில்லை.

"சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பாளா?" என்று நான்தான் கேட்டேன்.

"எனக்கு அறியில்ல. பதினஞ்சு வருஷத் தூளு. ஆனா என் கடிதம் வந்த அன்னைக்கு நிறுத்தியிருந்தா, இந்தக் கடைசி லென்ஸுகளோட தூளாவது உள்ளே போயிருக்காது."

பார்த்தீர்களா, அவருக்கே தெரியவில்லை. படித்தவர், அவருக்கே தெரியவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அவர் கேமராவை வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது, "இந்தக் கதிர் விஷயம் பாக்கற ஆபீஸுக்கு எழுதறேன். வருவாங்க. தடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் வந்தார்கள். மூன்று பேர். கையுறை, வாய்மூடி, காலுக்குக்கூட உறை. அதில் ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், அவள் கையில் ஒரு கருவி. சின்ன டப்பா, அதிலிருந்து வயர், வயர் நுனியில் தட்டையாக ஒன்று. எங்கே அந்தத் தோரியச் சரக்கு இருக்கிறதோ அங்கே டிக் டிக் என்று சத்தம் போடுமாம். நிறைய இருந்தால் நிறைய, குறைவாக இருந்தால் குறைவாக. சும்மா இருக்கும்போதும் எப்போதாவது ஒரு டிக் போடும், அது எல்லா இடத்திலும் இருப்பது, அதற்குக் கணக்கில்லை என்று சொன்னாள்.

பீரோவைத் திறந்தார்கள். மீதி வில்லை பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிப் பொரிந்தது. ஈயப் பெட்டியில் எடுத்து வைத்தார்கள். பிறகு தேய்க்கிற கிண்ணம். கழுவுகிற தொட்டி. தொட்டியையே பெயர்த்தார்கள். அவள் உட்கார்ந்து தேய்க்கிற ஸ்டூல். சலிக்கிற துணி. அங்கெல்லாம் அது கத்தியது. மாடியில் சேறு காயவைத்த மூலை. அதோடு விடுவார்கள் என்று பார்த்தேன். அந்தப் பெண் வீட்டுக்குள் வந்தாள். அடுப்படியில், கை துடைக்கிற துணியில் டிக் டிக். துணி போடுகிற கொடியில், லேசாக. அவளுடைய சேலை அடுக்கில். படுக்கையில் அவள் பக்கத்துத் தலையணையில் வைத்தபோது கன்னம் வைக்கிற இடத்தில் சத்தம் இன்னும் கூடியது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் தலையணையை எடுத்துப் பைக்குள் போட்டுக் கட்டினாள். சேலையெல்லாம் போயிற்று. ஒரு பட்டுச் சேலை மட்டும் தப்பியது, அவள் அதைக் கட்டினதே இல்லை.

நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் பட்டறைக்குத் திரும்பி, என் இடத்துக்கு வந்தார்கள். லேத், வரைகிற மேஜை, என் நாற்காலி. லேத்தில் வைத்தாள். ஒன்றும் இல்லை. மேஜையில் வைத்தாள். ஒன்றும் இல்லை. நாற்காலிக் கையில், சீட்டில், முதுகில் வைத்தாள். கருவி வாயைத் திறக்கவில்லை.

"சரியா வைங்கம்மா" என்றேன்.

"வெச்சாச்சு சார். க்ளீனா இருக்கு."

"பதினஞ்சு வருஷமா நான் உக்காந்து வேலை செஞ்ச இடம் இது."

"தெரியுது சார்."

"லென்ஸ் செய்யறவன் நாந்தானுங்க. இன்னொருக்கா வைங்க."

கூட வந்தவன் ஏதோ சொல்ல வந்தான். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுபடி வைத்தாள். மெதுவாக, ஓரம் ஓரமாக, அடியில்கூடக் குனிந்து வைத்தாள். நான் கையை நீட்டினேன். விரல் நுனியிலும் வைத்தாள். சட்டையில் வைத்தாள். எப்போதாவது வருகிற அந்த ஒரு டிக், கணக்கில்லாதது என்றாளே, அதுதான் வந்தது.

"சந்தோஷப்படணும் சார்" என்றாள். கருவியை நிறுத்தி உறையில் போட்டாள்.

ரஞ்சிதம் தொட்டது எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.